எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை பிராசஸர்: ஒரு திருத்தம்

மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன், எச்110 மதர்போர்டும் இன்டெலின் 8ஆம் தலைமுறை பிராசஸரான ஐ7-8700உம் எல்ஜிஏ 1151 சாக்கெட்தான் (பிராசஸர் உட்காரும் இடம்), பயாஸை, அதாவது கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளை, அப்டேட் பண்ணினால் ஓடும் என்கிறார். சாக்கெட் பெயர் ஒன்று என்பது சரி. ஆனால் ஓடாது. சிப் அதில் அழகாக உட்காரும், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. 8ஆம் தலைமுறையில் இன்டெல் மின்சாரம் போகும் பின்களைக் கூட்டி, அமைப்பை மாற்றிவிட்டது. அதற்கு எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். (பயாஸைத் திருத்தி, பின்னை மறைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்த காசில் வாங்குகிறவருக்கு அது சூதாட்டம்.)

நீங்களே பாருங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பேஸ்போர்டு பிராடக்ட்' வரியில் போர்டின் மாடல் இருக்கும். போர்டு கம்பெனி தளத்தில் அதே மாடலுக்கான 'சிபியு சப்போர்ட்' பட்டியலைத் தேடுங்கள். அதில் இல்லாத சிப்புக்கு ஒரு தென்னாப்பிரிக்க ரேண்டும் கொடுக்க வேண்டாம்.

எச்110 வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் 7ஆம் தலைமுறை ஐ7-7700 தான் நல்ல மேல் எல்லை: 4 கோர், 8 த்ரெட், 65 வாட். பட்டியலில் அதற்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்றும் போட்டிருக்கும். பழைய சிப் போர்டில் இருக்கும்போதே அந்த பயாஸ் பதிப்பை ஏற்றிவிடுங்கள், மாற்றிய பிறகு முடியாது. டர்பனோ ஜோபர்க்கோ, முதலில் உங்கள் ஏரியாவில் கரண்ட் கட் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் ஏறும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சு.