மனப்பாடக் கணக்கில் ஒரு திருத்தம்

நாளுக்கு 50 சொற்களை அகராதியிலிருந்து மனப்பாடம் செய்தால் ஓராண்டில் ஏறத்தாழ 18,000 ஆங்கிலச் சொற்கள் கைவசமாகும் என்று சொல்லப்படுவது பெருக்கலில் சரி, நினைவாற்றலுக்குப் பொருந்தாது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ், திரும்பப் பார்க்காதவற்றில் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே நழுவிவிடுவதை 1885இலேயே காட்டினார். மேலும், சொல்லை அறிவது வேறு, அதன் புழக்கத்தை அறிவது வேறு: காசிமேட்டில் நாம் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அதிலிருந்து பிறந்த ‘கேட்டமரன்’ இன்றைய ஆங்கிலத்தில் இணையாக இரண்டு உடற்பகுதிகள் கொண்ட படகு. கல்லூரிப் பாடநூல்களைப் படிக்க முனையும் வண்ணாரப்பேட்டை மாணவருக்கு, மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் (ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கொண்ட கல்விச் சொற்பட்டியலில் தொடங்கி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தோடு குறித்துக்கொண்டு, நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே பயன் தரும்.