தலை ஓசூரில், கார்டு பென்னாகரத்தில்

ஓசூர் பக்கம் யார் பதிவு போட்டாலும் இப்போதெல்லாம் ஒரே புலம்பல்தான். "எங்கே பார்த்தாலும் வடக்கத்தி ஆளுங்க, நம்ம பையன்களுக்கு வேலையே இல்லை." கீழே ஐம்பது பேர் ஆமாம் போடுகிறார்கள். அதில் எத்தனை பேர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆமாம் போடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது அங்கிருந்து எல்லை தாண்டி ஓடிவந்தவர்களை இந்த ஊர்கள் மறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டம். இன்று கிருஷ்ணகிரி ஆளை இழுக்கிறது, தர்மபுரி ஆளை அனுப்புகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். 2001 முதல் 2011 வரை தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. தர்மபுரியும் கிட்டத்தட்ட அதே வேகம்தான், 16.3. கிருஷ்ணகிரியோ 20 சதவீதத்தைத் தாண்டியது. ஓசூர் நகராட்சி மட்டும் 84 ஆயிரத்திலிருந்து 1.16 லட்சத்துக்குப் போனது. ஆனால் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் பிழைப்புக்கு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் பிறந்தால் சிப்காட்டில் வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வடக்கிலிருந்து ஏன் வருகிறார்கள்? ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால் மக்கள்தொகை காலப்போக்கில் நிலையாக நிற்கும். தமிழ்நாடு அந்த அளவை 2000 வாக்கிலேயே தொட்டு, கீழே இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாம் 1.8, பீகார் 3.0. 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இன்று வேலைக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். இருக்கிற பிள்ளையும் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் முடித்துவிட்டு லோடு ஏற்றப் போவதில்லை. கான்ட்ராக்டருக்கு வேறொரு கணக்கும் உண்டு. உள்ளூர்ப் பையன் பொங்கலுக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, அக்கா பிள்ளை காதுகுத்துக்கு லீவு போடுவான். அறையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கிறவன் எங்கே போவான்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குக் கூப்பிட்டாலும் வந்து நிற்பான். கம்பெனிக்குப் பிடித்தது அவன் ஊரோ மொழியோ அல்ல, கேட்க நாதியில்லாத அவன் நிலைமைதான்.

இன்னொரு புலம்பலும் இதே கணக்கில்தான் வருகிறது: பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கே விரிவுபடுத்தப்பட்டதும் அந்த ஆண்டில்தான். 2011இல் அது 913 ஆக ஏறியது. 826 காலத்துப் பிள்ளைகள் இன்று இருபதுகளின் பின்பாதியைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள், புரோக்கரிடம் ஜாதகம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அவர்கள்தான். அன்று கள்ளிப்பால் கொடுத்ததும் ஸ்கேன் பார்த்துக் கலைத்ததும் இன்றைக்கு வட்டியோடு வருகிறது.

ஆனால் என் கோபம் இதிலெல்லாம் இல்லை, தலைக்கணக்கில்தான். ஆளை எண்ணுவது ஓரிடத்தில், ஆள் சாப்பிடுவதும் குளிப்பதும் வேறொரு இடத்தில். திட்டம் போடுகிறவர்கள் இன்னமும் 2011ஐத்தான் புரட்டுகிறார்கள்: தர்மபுரி 15.07 லட்சம், கிருஷ்ணகிரி 18.80 லட்சம். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஓசூர் 2019இல் மாநகராட்சியே ஆகிவிட்டது, கையில் இருப்பது நகராட்சிக் காலத்து எண். ஃப்ளோரைடு நீருக்கு மாற்றாக 1,928 கோடி ரூபாயில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் குழாயின் குறுக்களவு முதல் மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு வரை எல்லாம் தலைக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் முடிவாகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு தலைக்கு 135 லிட்டர், கிராமத்துக்கு 55. ஒரு லைன் வீட்டு வரிசையில் பத்து அறை, அறைக்கு ஆறு பேர் என்றால் அறுபது தலை, 8,100 லிட்டர். பதிவேட்டிலோ ஒரு வீட்டு உரிமையாளர், ஒரு இணைப்பு. மீதித் தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது.

ரேஷனிலும் இதே கதை. ஒரே நாடு ஒரே ரேஷனில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஓசூரில் இருக்கும் பீகார் தொழிலாளி கைரேகை வைத்துத் தன் பங்கை மட்டும் இங்கே வாங்கலாம், மீதியை ஊரில் குடும்பம் வாங்கிக்கொள்ளும். ஆதார் இணைக்காத பெயர் என்றால் அங்கேயே தடுக்கும். நம் ஆளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கார்டில் என்ன குறியீடு இருக்கிறது என்று பாருங்கள். 'பிஎச்எச்' (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது 'பிஎச்எச்-ஏஏஒய்' (அந்தியோதயா) இருந்தால்தான் வெளிமாநிலத்தில் செல்லும். 'என்பிஎச்எச்' (முன்னுரிமை இல்லாத குடும்பம்) கார்டுக்குத் தருவது தமிழக அரசின் சொந்த அரிசி, அது கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டாது. பென்னாகரத்துக் கொத்தனார் பெங்களூரில் கடையில் விலைக்கு வாங்கித்தான் பொங்கிச் சாப்பிட வேண்டும்.

பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. டி.சி. இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிற கம்பெனியில் இருப்பவர்கள் கான்ட்ராக்டரை மாற்றினாலும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுங்கள். நோய்க்கால உதவித்தொகைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா வேண்டும். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புது எண் போட்டால் 40 நாள் ஒன்றில், 45 நாள் இன்னொன்றில் என்று சிதறிவிடும். உழைத்தது 85 நாள், ஆனால் உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்கும்.

இப்போது அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, 2027 பிப்ரவரிக்கு வருகிறேன். 2011இல் நடந்த முறை இது: பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணும் காலம். அந்த நாட்களில் ஒரு நாள்கூட வீட்டில் இல்லாத ஆளை அந்த வீட்டில் எழுத மாட்டார்கள், எங்கே இருக்கிறாரோ அங்கே எழுதுவார்கள். முறை சரிதான், மாதம்தான் இடிக்கிறது. பொங்கலுக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு, சூளையும் கரும்பு வெட்டும் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் எண்ணுகிறார்கள். பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி கிராமங்களில் கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் வாசலில் இருப்பார்கள். பிள்ளை மேல் உள்ள பாசத்தில் பெங்களூரில் இருப்பவனையும் சேர்த்து இங்கே சொன்னால் ஒன்று, அவன் இரு இடத்திலும் பதிவாவான், அல்லது அங்கே 'ஊரில் எழுதிட்டாங்க' என்று சொல்லி விடுபடுவான்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு ஓட்டை. இடம் மாறிய காரணம் கேட்கும்போது 'கல்யாணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து கெலமங்கலத்துக்குக் கட்டிக்கொடுத்து, அங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மூன்று ஷிப்டும் பார்க்கிற பெண்ணும் அந்தக் கட்டத்தில்தான் விழுவாள். புள்ளிவிவரத்தைப் பார்க்கிறவர் 'வேலைக்காகப் பெண்கள் இடம்பெயர்வது குறைவு' என்று எழுதிவிடுவார். வேலை பற்றிய கேள்வி தனியாக வரும், அப்போது 'வீட்டில் இருக்கிறாள்' என்று மாமியார் பதில் சொல்லாமல் இருந்தால் பாதியாவது சரியாகும்.

லைன் வீட்டு உரிமையாளர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. வீட்டுவரி ஏறிவிடும் என்ற பயத்தில் பத்து அறையை 'குடோன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் கொடுக்கும் தகவலை வரித்துறைக்கோ போலீசுக்கோ தரக்கூடாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் எடுக்கக்கூடாது என்று 1948ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அறைக்கு ஆறு பேர் என்றால் ஆறு பேர் என்றே சொல்லுங்கள். எண்ணுகிறவர் வரும்போது எல்லோரும் ஷிப்டில் இருப்பார்கள், ஆகவே பெயர், வயது, பிறந்த மாவட்டம், இங்கே வந்து எத்தனை வருடம் என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கதவில் ஒட்டி வையுங்கள்.