எத்தனை பேர் இறங்கலாம்?

நார்வேக்கு வடக்கே வடதுருவத்துப் பக்கம் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. எவ்வளவு செலவாகும், எந்த மாதம் போகலாம், பெரிய கப்பல் மலிவாக இருக்கிறதே அதில் போனால் என்ன, பனிக்கரடியைப் பார்த்தீர்களா. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் இரண்டு விளம்பரங்களை அனுப்பி, "சார், இதுல எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். இரண்டிலும் நீலப் பனி, இரண்டிலும் வெள்ளைக் கரடி. ஒன்று ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பல், இன்னொன்று நூற்றுச் சொச்சம் பேர் ஏறுவது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கரையில் இறக்குகிறார்கள்? "இன்றைக்கு இறங்க முடியாது" என்று சொல்லும் அதிகாரம் அங்கே யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வராத கப்பலில் ஏறாதே என்றேன். அதே இரண்டு கேள்வியை நம்ம ஒகேனக்கல்லிலும் கேட்டாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பனிக்கடல்.

பென்னாகரம் பக்கத்தில் வருடக்கணக்காகப் புவியியல் நடத்தியவன் நான். பனியாறு அறுத்த பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று கரும்பலகையில் வரைந்து வரைந்து கை பழகியிருந்தது. மகள் நார்வேயில் இருப்பதால்தான் அதைக் கண்ணால் பார்க்க வாய்த்தது. பனியாறு தன் எடையாலேயே மலையை அரைத்துக்கொண்டு இறங்கும். கடல் மட்டத்துக்குக் கீழேயும் தோண்டிக்கொண்டே போகும். அப்புறம் அது பின்வாங்கும்போது அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துகொள்ளும். அதுதான் ஃபியோர்டு. நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,300 மீட்டர் ஆழம். இதையெல்லாம் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அங்கே உள்ளே போய் நின்றபோதுதான் அந்த எண்களின் கனம் புரிந்தது.

நாங்கள் போனது ஸ்வால்பார்டில் உள்ள காங்ஸ்ஃபியோர்டு. அதன் கரையில் நீ-ஆலசுண்ட் என்று ஓர் ஆராய்ச்சி ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. அந்த ஃபியோர்டின் தண்ணீருக்குள் 2014-இல் இண்டார்க் என்ற கருவித் தொகுப்பை இறக்கினார்கள். கடல்நீரின் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் எல்லாவற்றையும் அளக்கும். அதை உருவாக்கியதில் பெரும்பங்கு சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு. பள்ளிக்கரணை வழியாகப் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேலை வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய பெருமை. நம் பருவமழைக்கும் அந்தப் பனிக்கும் என்ன தொடர்பு என்று தேடுகிறவர்களுக்கு அந்த அளவீடுகள் வேண்டும்.

பனியாற்றின் முகப்பில் ரப்பர் படகில் நின்றதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். படகு எஞ்சினை அணைத்ததும் முதலில் காதில் விழுந்தது பட் பட் என்ற சத்தம். சுற்றி மிதக்கும் பனிக்கட்டிகளுக்குள் எத்தனையோ காலத்துக்கு முன் அமுங்கிய காற்றுக் குமிழிகள், பனி கரையக் கரைய வெடித்து வெளியே வருகின்றன. கையில் ஒரு துண்டை எடுத்துக் காதோரம் வைத்தால் அதற்குள்ளும் அதே சத்தம். பனியாற்றின் அடியிலிருந்து கிளம்பும் தண்ணீர் செம்பழுப்பாக, ஆடியில் காவிரியில் வரும் புதுவெள்ளம் போலக் கலங்கி மேலே வருகிறது. அது உப்பில்லாத தண்ணீர், கடல்நீரைவிட லேசானது. அதனால் ஆழத்திலிருந்து விர்ரென்று மேலேறும்போது அங்கே இருக்கும் சின்னச் சின்ன உயிரிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அதைக் கொத்தித் தின்ன கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் நூற்றுக்கணக்கில் அந்தக் கலங்கல் மேலேயே வட்டமிடுகின்றன. சீல்களும் அங்கேதான் வந்து சேர்கின்றன. நாம் படம் எடுக்க ஆசைப்படும் இடம், அந்த உயிர்களுக்கு இரை கிடைக்கும் இடம். எவ்வளவு கிட்டே போகலாம் என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதே ஃபியோர்டில் ஒரு தீவு இருக்கிறது. முன்பு அதைத் தீபகற்பம் என்றுதான் வரைபடங்களில் போட்டிருந்தார்கள், ஏனென்றால் அதை நிலத்தோடு சேர்த்துப் பனியாறு மூடியிருந்தது. 1990-களில் பனி விலகியபோது இடையில் கடல் இருப்பது வெளியே தெரிந்தது. புவியியல் வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, கட்டுப்பாடுகளுக்கு வருகிறேன். கரையில் இறங்குவதற்கு முன்னால் பூட்ஸ் அடியில் ஒட்டியிருந்த மண், பையின் ஒட்டுப்பட்டியில் சிக்கியிருந்த புல்விதை எல்லாவற்றையும் இடுக்கியால் எடுக்க வைத்தார்கள். வெளியூர் விதை ஒன்று அங்கே முளைத்துவிடக் கூடாது. பறவைக் காய்ச்சல் பரவக் கூடாது என்று கிருமிநாசினித் தட்டில் கால் நனைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறும்போதும் அப்படியே. வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முதலில் இறங்கி, மேட்டின் மேல் ஏறிச் சுற்றிலும் பார்த்து, கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் காலையில் எல்லோரும் உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். கரை மேட்டில் ஒரு கரடி படுத்திருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார்கள். இறங்குவது ரத்து. பணம் கட்டியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் சத்தமாகவே கேட்டார். பயணத் தலைவராக இருந்த பெண் குரலை உயர்த்தவில்லை. "இது அதனுடைய இடம், நாம் வேறு இடம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுகளை மேலே ஏற்றச் சொன்னார். கப்பல் முதலாளியும் அதைத் தட்ட முடியாது, சட்டம் அப்படி. அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலைதான்.

அங்கே 2025 ஜனவரி 1 முதல் விதிகள் இன்னும் இறுக்கமாகியிருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் வரக் கூடாது. அந்தப் பகுதிகளில் 43 இடங்களில் மட்டும்தான் கரையிறங்கலாம். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனியைக் கப்பல் உடைத்துக்கொண்டு போகக் கூடாது, ஏனென்றால் சீல்கள் குட்டி போடுவது அந்தப் பனியில். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் கனத்த எண்ணெயை எரிக்கும் கப்பல்களுக்கு ஸ்வால்பார்டு கடலில் 2022 முதலே இடமில்லை.

அண்டார்டிகாவிலும் இதே மாதிரிதான். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் இருக்கலாம். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்க முடியாது, தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். 20 பேருக்கு ஒரு வழிகாட்டி. அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்கள்தான். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற கிளை ஃபியோர்டில் மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல் சீல்கள் குட்டி போடும். மே, ஜூன் இரண்டு மாதமும் எந்தப் படகும் அதற்குள் போக முடியாது. பெரிய கப்பல்களுக்கு ஆகஸ்ட் முடியத் தடை. தாய் மிரண்டு தண்ணீரில் குதித்தால் குட்டி தனியாகிவிடும், குளிர்ந்த நீரில் அது தாக்குப்பிடிக்காது. காரணம் அவ்வளவுதான், அதற்காக ஒரு சீசனையே விட்டுக்கொடுக்கிறார்கள்.

சின்னக் கப்பல் என்றாலே இயற்கைக்கு நல்லது என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். தலைக்கு எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்று பார்த்தால் சின்னக் கப்பல் பெரிய கப்பலைவிட மோசமாகவும் இருக்கலாம். அதோடு நாம் இங்கிருந்து விமானத்தில் போகிறோம். அண்டார்டிகாவுக்குப் போகிறவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். சின்னக் கப்பல்கள் வரிசை கட்டி வந்தால் அதுவும் கூட்டம்தான். வாழ்நாளில் ஒருமுறை போகிறீர்களா, போங்கள். வருஷா வருஷம் போகும் இடமாக அதை ஆக்கிவிடக் கூடாது.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 11 அன்று கிரீன்லாந்தின் கிழக்கில் ஒரு ஃபியோர்டில் 206 பேரோடு ஒரு பயணக் கப்பல் தரைதட்டி நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் அதை இழுத்து விடுவிக்க முடிந்தது. உதவிக்கு வர வேண்டிய கப்பல் அவ்வளவு தூரத்தில் இருந்தது. அதே பிரதேசத்தில், அதே வாரத்தில், 16-ஆம் தேதி டிக்சன் ஃபியோர்டில் மலைச்சரிவு விழுந்து 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பியது. அந்தத் தண்ணீர் ஃபியோர்டுக்குள் முன்னும் பின்னும் ஆடிய அதிர்வை உலகம் முழுக்க நிலநடுக்கக் கருவிகள் ஒன்பது நாள் பதிவு செய்தன. சுற்றுலாக் கப்பல்கள் போய்வரும் பாதை அது, நல்லவேளையாக அன்றைக்கு எதுவும் அங்கே இல்லை. 2025 ஆகஸ்டில் அலாஸ்காவின் டிரேசி ஆர்ம் என்ற ஃபியோர்டிலும் விடியற்காலையில் இதேபோல் மலை சரிந்து, எதிர்க்கரையில் 400 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறியது. பனி மெலிந்து விலகும்போது, அதுவரை அது முட்டுக்கொடுத்துத் தாங்கியிருந்த மலைச்சரிவு பிடிமானத்தை இழக்கிறது. ஆகவே "உள்ளே வேண்டாம்" என்று கப்பல்காரர் சொன்னால் சண்டை போடாதீர்கள்.

இனி நம்ம ஊர்.

காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர். காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்துக் காடுகளையும் இணைக்கும் யானை வழி அது. சாம்பல் நிற அணில், நீர்நாய், முதலை, ஓடு மென்மையான ஆமை எல்லாம் இந்த ஆற்றோரத்தில் வாழ்கின்றன. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? பனிக்கரடி தெரிகிறது, ஊர் ஆற்றில் நீர்நாய் இருப்பது தெரியவில்லை. எனக்கு இது மனசு கொதிக்கும் விஷயம்.

பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துகிறார்கள். மனித உயிருக்காக அது சரியான முடிவு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலை முட்டையிட்டிருக்கிறது, நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது என்பதற்காகப் பரிசல் நின்று நான் பார்த்ததில்லை. முதலை ஆறு வற்றும் மாதங்களில்தான் மணல்திட்டில் முட்டையிடும். பள்ளி விடுமுறைக் கூட்டம் அதே மணல்திட்டில் இறங்கி மீன் வறுத்துச் சாப்பிட்டு, தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் போட்டுவிட்டு வருவதும் கோடையில்தான்.

பரிசல் ஓட்டும் அண்ணன் ஒருவர் ஒருமுறை துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு பாறையைக் காட்டினார். அதன்மேல் ஈரம் காயாத எச்சம், அது முழுக்க மினுமினு என்று மீன் செதில். "நீர்நாய் வந்துட்டுப் போயிருக்கு சார். அந்தச் சந்துல குட்டி இருக்கும், நாம அந்தப் பக்கம் வேணாம்" என்றார். பின்னால் வந்த பரிசலில் இருந்த இளைஞர்கள் அதே சந்துக்குள் விடச் சொல்லி ஓட்டுபவரை நெருக்கினார்கள், ரீல்ஸ் எடுக்க வேண்டுமாம். அவர் தயங்கினார். மறுத்தால் அன்றைய சவாரி போய்விடும், கூலி போய்விடும். கடைசியில் விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்வால்பார்டில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றது. இவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

பரிசல் ஓட்டிகளுக்கு இந்த ஆறு கைரேகை மாதிரித் தெரியும். எந்தப் பாறையில் எப்போது முதலை வெயில் காயும், எந்தக் கரைக்கு யானை இறங்கும் என்று அவர்களிடம் கேட்டுத்தான் யாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை எழுத்தில் கொடுத்து, அப்படிச் சொன்ன நாளுக்கும் கூலியை உறுதி செய்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். கூட்டத்தைக் குறைத்தால் பிழைப்பு போய்விடும் என்று மீன் வறுக்கும் அக்காக்களும் எண்ணெய் தேய்க்கும் தொழிலாளர்களும் பயப்படுவது நியாயம். அதனால் ஊருக்குள் வரும் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மணல்திட்டில் ஒரே நேரத்தில் இறங்கும் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு கேட்கிறேன்.

பழைய மாணவர்கள் சிலரும் நானும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். முட்டையிடும் மாதங்களில் எந்தெந்த மணல்திட்டுகளை மூட வேண்டும் என்று பரிசல் ஓட்டிகள் சொன்ன இடங்களைக் குறித்து, ஒரு வரைபடமும் இணைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். தர்மபுரி, பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் காலை பத்து மணிக்குள் ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள். வர முடியாதவர்கள் உங்கள் பக்கத்து ஆற்றோரத்தில் நீர்நாய், ஆமை முட்டை பார்த்த இடமும் மாதமும் கமெண்டில் எழுதுங்கள், வரைபடத்தில் சேர்த்துவிடுகிறோம்.