ரென்-லே-ஷாத்தோ பிசாசு: இடைக்காலச் சிற்பம் அல்ல

தெற்கு பிரான்சின் ரென்-லே-ஷாத்தோ கிராமத் தேவாலயத்தில், வாசலை ஒட்டி ஒரு பிசாசு தீர்த்தத் தொட்டியைச் சுமந்தபடி முழிக்கிறது. இது சிலுவைப்போர்க் காலத் துறவி-வீரர் சபையான டெம்ப்ளர் வீரர்கள் புதையலுக்குக் காவலாக வைத்துப்போன இடைக்காலக் கற்சிற்பம் என்று ஒரு கதை சுற்றுகிறது. தவறு.

டெம்ப்ளர் சபை 1312-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. இந்தப் பிசாசோ 1897-ஐ ஒட்டி வந்தது. 1885-ல் அங்கே பங்குத்தந்தையான பெராஞ்சே சோனியேர், பாழடைந்திருந்த கோவிலைப் புதுப்பித்தபோது தூலூஸ் நகரின் ஜிஸ்கார் சிற்பக்கூடத்தில் செய்வித்தது. கல்லே இல்லை, வண்ணம் பூசிய வார்ப்பு உருவம். பிசாசை மட்டும் வெட்டியெடுத்த படத்தைப் பார்ப்பவர்களுக்கு மேலே இருப்பது தெரியாது: நான்கு வானதூதர்கள் சிலுவை அடையாளம் போடுகிறார்கள், கீழே ‘இந்த அடையாளத்தால் அவனை வெல்வாய்’ என்ற வாசகம். தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடும் எந்தக் கத்தோலிக்கருக்கும் இது உடனே புரியும். தோற்றுப்போன பிசாசு அது, காவல்காரன் அல்ல.

வாசலில் ‘இந்த இடம் அச்சத்துக்குரியது’ என்று லத்தீனில் இருப்பதும் சாபம் இல்லை. ஆதியாகமம் 28:17-ல் யாக்கோபு சொன்னது. கோவில் அர்ச்சிப்புத் திருப்பலியில் வழங்கும் வரி.

அப்படியானால், புதையல் இல்லாமல் கோவிலைப் புதுப்பிக்கப் பங்குத்தந்தை சோனியேருக்கு அவ்வளவு பணம் எப்படி வந்தது? திருப்பலி நிறைவேற்றச் சொல்லி மக்கள் தரும் பூசைக் காசை அளவுக்கு மீறி வாங்கியதாக அவர் மறைமாவட்டமே 1910-11-ல் அவரை விசாரித்துத் தண்டித்தது. புதையல் கதை 1956-ல்தான் செய்தித்தாளில் பரவியது. அதைச் சொன்னவர், சோனியேரின் பழைய வீட்டில் விடுதி நடத்திய நொயெல் கோர்பூ.