அட்ரினல் சுரப்பி ‘களைத்துப்போகுமா’?

“ஓயாத மன உளைச்சலில் அட்ரினல் களைத்து, கார்ட்டிசால் (உளைச்சலைச் சமாளிக்க உதவும் ஹார்மோன்) வற்றிவிடும், காலையில் உப்புத் தண்ணீர் குடித்தால் சரியாகும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் தூண்டினால்தான் கார்ட்டிசாலைப் போதிய அளவு சுரக்கும். அளவு கூடினால் கார்ட்டிசாலே பிட்யூட்டரியை அடக்கும். உளைச்சலில் சுரப்பு கூடுமே தவிர வற்றாது.

சுரப்பி உண்மையிலேயே உறங்கிப்போவது, பெரும்பாலும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை 3, 4 வாரத்துக்கு மேல் தொடரும்போதுதான். ஏசிடிஎச் குறைந்து சுரப்பி சுருங்கிவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து! மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தோல் கறுத்து, எடை குறைந்து, எழுந்தால் தலைசுற்றுகிறதா? அட்ரினல் சுரப்பியே பழுதாகிக் கார்ட்டிசால் குறையும் அடிசன் நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்து, காலை 8 மணிக்குக் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.