அக்கி ஒட்டுவாரொட்டி இல்லை, சொந்தங்களே

அக்கி வந்திருக்கிறது என்று எங்கள் அம்மாவை முதலியார்பேட்டை வளைகாப்புக்கு வர வேண்டாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டார்கள், அந்த விவகாரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அங்கே பேசினால் சண்டைக்காரன் என்பார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு வந்திருப்பது அக்கி. யாரிடமிருந்தும் தொற்றி வந்ததல்ல. சின்ன வயதில் அம்மை (சின்னம்மையைத்தான் சொல்கிறேன்) போட்டு இறங்கினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்பு சக்தி குறைந்தால் ஏதோ ஒரு நரம்பு வழியாக வெளியே வரும். அதனால்தான் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம். அம்மாவுக்கு இடது விலாவில், ரவிக்கைக்குள் மூடியபடி இருக்கிறது. இதற்குத்தான் "சபைக்கே ஒட்டிக்கும்" என்று அத்தை ஆடியோ போட்டார்.

"மாசமா இருக்கிற பொண்ணாச்சே" என்பீர்கள். நியாயம்தான். கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை அம்மை போடாத, தடுப்பூசியும் போடாத ஒருவருக்கு அம்மை வரலாம் (அக்கி வராது). கர்ப்பிணிக்கு அது லேசான விஷயமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே அம்மை போட்டாயிற்று. அப்போது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பார்த்துக்கொண்டது யார்? எங்கள் அம்மா. நிஜமாகவே வேகமாகப் பரவுவது அம்மைதான். அன்றைக்கு அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

சரி, தனியாக போன் செய்து சொல்லியிருந்தால் அம்மாவே வரவில்லை என்றிருப்பார். குழுவில் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டுமா? சீருக்குக் கொடுத்தனுப்பிய பணத்தில் மட்டும் தொற்று இல்லை போலிருக்கிறது.

அப்புறம் ஒரு சித்தப்பா: "டாக்டர் எதுக்கு? வில்லியனூர் பக்கம் குயவர் வீட்ல அக்கி எழுதிட்டு வாங்க." காவி பூசுவதைக் கேலி செய்ய மாட்டேன், பாட்டிக்கும் எழுதினார்கள். ஆனால் வைரஸுக்கான மாத்திரையை, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. கொப்புளம் காய்ந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கும். கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. "குலதெய்வக் குத்தம்" என்றவருக்கு ஒன்று: அம்மை போட்ட யாருக்கும் அக்கி வரலாம், உங்களுக்கும் சேர்த்து. ஐம்பது வயதுக்கு மேல் தடுப்பூசி இருக்கிறது, விலை அதிகம், டாக்டரிடம் கேளுங்கள்.

இத்தனை பேர் ஆடியோ போட்டீர்கள். வலி எப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டவர் மஞ்சக்குப்பம் மருந்துக்கடைக்காரர் மட்டும்தான். கமெண்டில் வந்து எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு போன் போடுங்கள், போனில் அக்கி பரவாது.