காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாமா?

சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒருவரும் காசு கொடுப்பதில்லை. விற்கிறவரும் கோபிப்பதில்லை. "பாருங்கோ அக்கா, விடியத்தான் கரைக்கு வந்தது" என்று அவரே தூக்கிக் காட்டுவார். ஆனால் ஓன்லைனில் வாங்கும்போது மட்டும், ஒன்பதாயிரம் ரூபாச் சாமானைக் கறுப்புப் பொலித்தீன் பையோடு வாங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசை எண்ணிக் கொடுக்கிறோம். இது சரியில்லை என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் எங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது.

அப்பாவுக்குப் பிரஷர். காலையும் மாலையும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு வரும்படி கிளினிக்கில் சொன்னார்கள். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வேண்டாம், மேல்கையில் கட்டுகிறதாகவே வாங்குங்கோ, அதைத்தான் கூட நம்பலாம் என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். டவுனில் இரண்டு பார்மசியில் கேட்டேன். ஒன்றில் முடிந்துவிட்டது, மற்றதில் விலை கூட. கொழும்பிலிருந்து விற்கிற ஓர் ஓன்லைன் பக்கத்தில் மேல்கை மெஷின், அடப்டரோடு 9,500 ரூபா என்று போட்டிருந்தது. டெலிவரிக்கு 450. ஓடர் போட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் திருகோணமலை பாலையூற்றில் எங்கள் கேற்றடிக்குப் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு தரட்டுமா என்று கேட்டேன். "காசு தந்தாத்தான் பிரிக்கலாம் அக்கா, எங்களுக்கு ரூல்ஸ் அப்படி" என்றார் கொண்டுவந்த தம்பி. கொடுத்தேன். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பி ஒழுங்கை முனைக்குப் போவதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டேன். பெட்டியில் இருந்த படம் மேல்கை மெஷின்தான். உள்ளே இருந்தது மணிக்கட்டு மெஷின். அடப்டரும் இல்லை.

விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். முதல் பதிலே "பெட்டி திறக்கிற வீடியோ அனுப்புங்க" என்பதுதான். வீடியோ எடுக்கவில்லை என்றேன். அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதாம், தாங்கள் சரியாகத்தான் அனுப்பினார்களாம், கூரியரிடம் கேட்க வேண்டுமாம். கூரியருக்கு எடுத்தால், சீல் உடையாமல்தான் வந்தது, அனுப்பியவரிடம் கேளுங்கள் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று நாள் மினக்கெட்டேன். இதற்கிடையில் என் தம்பி, அந்த டெலிவரித் தம்பிக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். அது பெரிய பிழை. ஏன் பிழை என்றும் சொல்கிறேன்.

குப்பைக்குள் போட்டிருந்த பொலித்தீன் பையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வடிவாகப் பார்த்தேன். அனுப்பியவரின் பெயர், போன் நம்பர், என் முகவரி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நிறை 0.4 கிலோ. பை, பெட்டி, மெஷின் எல்லாவற்றையும் பழையபடி கட்டிக்கொண்டு சந்தியில் இருக்கிற கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். 390 கிராம். அப்புறம் பார்மசியில் கெஞ்சி, விற்பனைக்கு இருந்த மேல்கை மெஷின் ஒன்றை அடப்டரோடு நிறுத்துப் பார்த்தேன். 700 கிராமுக்குக் கிட்ட வந்தது. கொழும்பில் கூரியர் கையேற்கும்போது இருந்த நிறைதான் திருகோணமலைக்கு வந்தபோதும் இருந்திருக்கிறது. வழியில் யாரும் ஒன்றையும் எடுக்கவில்லை. பெட்டி கட்டின இடத்திலேயே மாறிவிட்டது. இரண்டு தராசுப் படங்களையும் ஸ்டிக்கர் படத்தையும் அனுப்பினேன். அன்று பின்னேரமே பேச்சு மாறியது. திருப்பி அனுப்பும் கூலியை யார் கொடுப்பது என்பதில் இன்னும் நாலு நாள் இழுபட்டுத்தான் சரியான மெஷின் வந்தது. அதுவரைக்கும் அப்பாவின் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

எல்லாப் பார்சலிலும் உண்மையான நிறையைப் போட மாட்டார்கள், சிலவற்றில் சும்மா 1 கிலோ என்றிருக்கும். என்றாலும் பையைக் கிழித்து எறியாதீர்கள். அந்த ஸ்டிக்கர்தான் உங்கள் கையில் இருக்கிற முதல் சாட்சி. அதோடு, பெரிய தளங்களில் ஒரே ஓடரில் நாலு சாமான் போட்டால் நாலு விற்பனையாளர்களிடமிருந்து தனித்தனியாக வரலாம். ஒன்று வரவில்லை என்றவுடன் பதறாமல், ஓடர் பக்கத்தில் எத்தனை பார்சல் என்று ஒருக்கா பாருங்கள்.

அந்த டெலிவரித் தம்பியிடம் நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது மனதை உறுத்தியது. அவருக்குப் பார்சல் கணக்கில்தான் காசு. டவுனிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரைக்கும் வெயிலில் ஓடுகிறார். வசூலித்த காசில் நூறு ரூபா குறைந்தாலும் அவர் கையிலிருந்துதான் போட வேண்டுமாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. கோபத்தை யாரிடம் காட்ட வேண்டுமோ அவர் 260 கிலோமீற்றருக்கு அங்கால் இருக்கிறார் என்பதற்காக, வாசலில் நிற்கிற பிள்ளையை ஏசுவது அநியாயம்.

காசு கொடுத்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று, இனிக் கேட்க உரிமை இல்லை என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உரிமை இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். சொன்ன எண்ணிக்கையில் குறைத்து அனுப்பினால் வாங்குபவர் மறுக்கலாம். முன்பு பார்த்திராத பொருளை, சரிபார்க்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை, அவர் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. மாட்டுவண்டிக் காலத்துச் சட்டம் சரிபார்க்க விட வேண்டும் என்கிறது, இன்றைய கூரியர் ரூல்ஸ் காசு தந்த பிறகுதான் என்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். விசாரித்து, மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

விற்கிறவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். நல்ல சாமானை எடுத்து வைத்துக்கொண்டு "வரவில்லை" என்று பொய் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கள்ளனாக நினைத்து வீடியோ கேட்பதா? ஒரு கையில் போன், மற்றக் கையில் கத்தரிக்கோல் பிடித்துக்கொண்டு எங்கள் அப்பா எப்படி வீடியோ எடுப்பார்? விற்கிறவர் நாள் முழுக்க ஒரே மேசையில்தான் பெட்டி கட்டுகிறார். அந்த மேசைக்கு மேலே ஒரு கமராவும் பக்கத்தில் ஒரு தராசும் வைத்தால் வேலை முடிந்தது. கூரியர்காரர்களும், ஐயாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பார்சல்களையாவது வாசலில் திறந்து பார்க்க விடலாம். பிழையென்றால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொண்டுபோகட்டும், போகிற வருகிற கூலி விற்றவரோடு. தம்பிமாருக்கு நேரம் போகும் என்பது உண்மைதான். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.

இது மாறும்வரைக்கும் நான் வீடியோ எடுக்கத்தான் போகிறேன், விருப்பமில்லாமலே. முதலில் ஸ்டிக்கர், பிறகு டேப் ஒட்டின நாலு பக்கம், அப்புறம்தான் வெட்டு. விற்கிறவரின் ஓன்லைன் பக்கத்தில் கடையின் முகவரியும் பதிவுப் பெயரும் இல்லாவிட்டால் ஓடர் போடுவதில்லை. ஏமாற்றினால் கடிதம் அனுப்பவாவது ஓர் இடம் வேண்டும்.

திருக்கடலூரில் இருக்கிற எங்கள் மாமி வீட்டில் தைத்துத்தான் சீவிக்கிறா. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் நூல் 24 கோன் ஓடர் போட்டவ. 15 தான் வந்தது. ஒன்பது கோன் என்றால் அவவுக்கு இரண்டு கிழமை உழைப்பு. நம்பரையும் புளொக் பண்ணிவிட்டார்கள். பில், ஸ்டிக்கர், காசு கொடுத்த ரசீது எல்லாவற்றையும் ஒட்டி முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்க் கொடுக்கப் போகிறோம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நூல், துணி இப்படிக் குறைந்து வந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாங்கோ. மாமி எந்த ஓன்லைன் பக்கத்தில் வாங்கினா என்று அங்கே சொல்கிறேன். விற்றது ஒரே ஆளென்றால் சேர்ந்தே கொடுப்போம்.